மூன்று விநாடி முகம்

கீறலுக்குக் கண் கிடையாது. பழைய படச்சுருளில் விழும் கீறல் என்பது இயந்திரத்துக்குள் சிக்கிக்கொண்ட ஒரு மணல் துணுக்கின் வேலை; அது மேலிருந்து கீழே நேராகக் கோடு போட்டுக்கொண்டு போகும், வழியில் வருவது கதாநாயகியின் மூக்கா, வாசல் கதவா என்றெல்லாம் பார்க்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கோடுகளை அழித்தே வயிறு வளர்க்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று காலை அவன் திரையில் நிறுத்தி வைத்திருந்த கீறலுக்குக் கண் இருந்தது. முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் மெல்லத் திரும்பத் தொடங்கியதும் அது அவள் காதோரத்தில் ஆரம்பித்தது. முகம் வர வர அதுவும் கூடவே வந்தது. அவள் முழுவதும் திரும்பி முடித்தபோது நெற்றியிலிருந்து மோவாய்வரை மூடிக்கொண்டு நின்றது. முகத்தைத் தாண்டி ஒற்றை முடியைக்கூட அது தொட்டிருக்கவில்லை.

அவன் வேலை பழைய படங்களைத் துடைப்பது. அலுவலகத்தில் அவனைத் ‘துடைப்பம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்த்தான். இப்போது கையில் இருந்தது ஒரு காலத்தில் தியேட்டரில் பெண்களை மயக்கம் போட வைத்ததாகச் சொல்லப்பட்ட கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். அதைப் பளபளவென்று ஆக்கி, வீட்டில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்காக விற்க ஒரு கம்பெனி முன்வந்திருந்தது. ஊரில் உலவிய பிரதிகளிலெல்லாம் அந்த நாற்காலிப் பெண் திரும்புவதற்குள் காட்சி வெட்டப்பட்டுவிடும். யாரோ ஒரு கிடங்கில் மூல நெகட்டிவைக் கண்டெடுத்தார்கள். அதில் அவள் திரும்பும் மூன்று விநாடியும் இருந்தது. ‘யாருமே பார்த்திராத முகம்’ என்று டிஸ்க் கம்பெனிக்காரர்கள் அட்டையே அச்சடித்துவிட்டார்கள். குழந்தை பிறக்குமுன் பேர் வைத்த கதைதான்.

நெகட்டிவில் சுரண்டிய இடம் திரையில் கறுப்பாக வரும். அந்த முகம் இருந்த இடத்தில் கறுப்பு இருந்தது. அதுவும் அசையாத கறுப்பு இல்லை. ஒவ்வொரு பிரேமையும் யாரோ தனித்தனியாக ஊசியால் சுரண்டியிருந்ததால், படத்தை ஓட்டினால் கோடுகள் இடம் மாறி மாறி, அந்தக் கறுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பொறுமையாக ஒரு மனிதன் உட்கார்ந்து ஒரு முகத்தை அழித்திருக்கிறான் என்று நினைத்தபோது அவனுக்கு முதுகில் லேசாகச் சிலிர்த்தது. மறு நிமிடம் தொழில்காரப் புத்தி விழித்துக்கொண்டது.

சாதாரண அழுக்கு என்றால் வழி உண்டு. ஒரு பிரேமில் அழுக்கு இருந்தால் முன்பின் பிரேமிலிருந்து அதே இடத்தை எடுத்து ஒட்டிவிடலாம். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பதுபோலத்தான். இங்கே தெருவே காலியாகக் கிடந்தது. முதலாளி நல்ல மனிதர், இல்லாததை வரைவது நம் வேலையில்லை, அப்படியே விட்டுவிடலாம், கம்பெனிக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அவன் கேட்டிருக்கலாம். ஆனால் தன்னால் எடுக்க முடியாத கீறல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஆண்டிக்கு யாரும் அழைப்பு அனுப்புவதில்லை.

அவன் மனைவி காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். மற்ற டீச்சர்களுக்குக் கரும்பலகை என்றால் அவளுக்கு முகம். உதடும் புருவமும் கன்னமும் சேர்ந்து பாடம் நடத்தும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகூட அதைப் பார்த்துப் படித்துவிடும். வீட்டிலும் சில நேரம் குரலில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, என்ன சொன்னேன் சொல்லுங்கள் பார்க்கலாம் என்பாள். அவன் தப்பும் தவறுமாக ஏதாவது சொல்வான். அவள் சிரிப்பாள், இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். சிரிப்பு வாங்கி வாங்கியே அவனுக்குக் கொஞ்சம் உதடு படிக்க வந்திருந்தது. சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து உப்பு கேட்கும் அளவுக்குக் கைச்சைகையும் வந்திருந்தது.

படத்துக்கு முகம் வேண்டும் என்று அவன் கேட்டபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“பேய்க்கு ஆள் தேடினா நேரா என்கிட்டதான் வரணுமா? ரொம்ப சந்தோஷம். சரி, எங்க உட்காரணும்?”

தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மேஜை விளக்கின் ஒரே வெளிச்சத்தில், அவன் வீடியோ கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து திரும்பினாள். முகத்தில் எந்த உணர்ச்சியும் கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அவளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பாதித் திருப்பத்தில் சிரித்துச் சிரித்துக் கெடுத்தாள். ஒரு தடவை மட்டும் சிரிக்காமல் திரும்பினாள். அதை எடுத்துக்கொண்டான்.

இருட்டறையில் உட்கார்ந்து பிரேம் பிரேமாக அதைப் பொருத்தினான். அந்த அறைக்குப் பகல் என்பதே கிடையாது; சாம்பல் நிறச் சுவர், ஜன்னலில் இரட்டைக் கறுப்புத் திரை, இயந்திர விசிறிகளின் ஓயாத முனகல், டப்பாவிலிருந்து வரும் பழைய பிலிமின் புளித்த காடி வாடை. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே அவனுக்கு எப்போதும் நடுச்சாமம். முகம் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. இழைக்கவோ தட்டவோ தேவையே இல்லாமல், அளவெடுத்துச் செய்த மூடிபோல உட்கார்ந்தது. முதலாளி வந்து பார்த்தார். இந்த நடிகையை இவ்வளவு நாள் ஒளித்து வைத்துவிட்டார்களே என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவனைப்போல் சந்தோஷமானவன் யாருமில்லை.

மறுநாள் கடைசிச் சரிபார்ப்புக்காக அந்த இடத்தை ஓட்டினான். பெண் திரும்பினாள். இடது கன்னத்தில் குழி விழுந்தது.

சிரித்த துண்டைத் தவறுதலாக எடுத்துவிட்டேனோ என்று முதலில் தன்மேலேயே சந்தேகப்பட்டான். அது சிரிப்புமில்லை. உதடு அசையவில்லை, குழி மட்டும் இருந்தது. சாயங்காலம் வீட்டில் அதை அவளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சத்தம் எல்லாம் அதே சத்தம்தான். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் அந்தச் சத்தம் வெளியே வந்துகொண்டிருந்த முகத்தில் இடது கன்னம் வழவழவென்று தட்டையாக இருந்தது. என்னங்க அப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

அதற்குப் பிறகு கறையான் புகுந்த வீடுபோல ஒவ்வொன்றாகப் போனது. திரையில் இருந்தவளுக்கு ஒரு நாள் புருவம் உயர்ந்திருந்தது. வீட்டில் இருந்தவளுக்குப் புருவம் அதற்குப் பிறகு உயரவே இல்லை. திரையில் மேலுதட்டோரத்து மச்சம் கறுத்துத் தெளிந்தது; வீட்டில் அதே இடத்தை அவன் விரலால் தடவிப் பார்த்தான், வெறும் தோல். தூங்குகிறவளின் கன்னத்தருகே குனிந்தபோது அவளிடமிருந்து காடி வாடை அடித்தது. தன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று அவன் எழுந்து போய்ச் சட்டையை மாற்றினான். திரும்பி வந்தும் வாடை அங்கேயேதான் இருந்தது.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லாமல் விட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அவனுக்குப் பயமாக இருந்தது. இருபத்துநாலு மணி நேரமும் பயமாக இருந்தது. அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் யார் செய்தது என்ற கேள்வி வரும்.

அதைக் கண்டுபிடித்தது பிள்ளைகள்தான். பள்ளியின் தலைமை ஆசிரியை அவனுக்கு போன் செய்தார். அந்தம்மா சுற்றி வளைத்து உடம்பு, ஓய்வு, வேலைப்பளு என்று என்னென்னவோ பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பிள்ளைங்க கிளாஸுக்குப் போகமாட்டேங்குதுங்க. டீச்சர் இப்பல்லாம் பேசறதே இல்ல, சும்மா நிக்கறாங்கன்னு சொல்லுதுங்க. நானும் வாசல்ல நின்னு கேட்டேன் சார். டீச்சர் நல்லாத்தான் பேசறாங்க. எனக்குக் குரல் கேக்குது.”

அவளை லீவில் அனுப்பினார்கள். டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை கொடுத்தார், முகத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவள் கண்ணாடி முன்னால் நின்று விரல்களால் உதட்டோரத்தைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். விட்டதும் அது மெல்ல இறங்கிவிடும்.

“என் மூஞ்சி என் பேச்சைக் கேக்கமாட்டேங்குதுங்க,” என்றாள். குரல் அழுதது. கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை.

அன்றைக்குத் திரையில் இருந்தவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவன் கிடங்குக்காரருக்கு போன் போட்டான். நெகட்டிவைக் கண்டெடுத்துக் கொடுத்தவர் அவர்தான், பழைய சினிமாக் கதைகளில் கரை கண்டவர், ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். அந்த முகத்தைச் சுரண்டியது யார் என்று கேட்டான். கிடங்குக்காரர் நெடுநேரம் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார்: நாற்காலியில் உட்கார்ந்தது டைரக்டரின் மனைவி. முதலில் நடித்தவளின் முகம் சரியில்லை என்று, கடைசி நேரத்தில் தன் மனைவியை உட்காரவைத்து எடுத்தாராம். படம் முடிந்த கொஞ்ச நாளில் என்ன நடந்ததோ, மனிதர் நெகட்டிவை எடுத்துக்கொண்டு தனியாக அறையைச் சாத்திக்கொண்டு ஊசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

“பொண்டாட்டியைக் காப்பாத்தத்தான் சுரண்டினேன்னு சொல்லுவாராம். அந்தம்மாவும் அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் உயிரோட இருந்தாங்க. ஆனா வெளிய தலைகாட்டினதே இல்ல. டைரக்டர் அதுக்கப்புறம் வீட்ல...”

அவன் போனை வைத்துவிட்டான். உயிரோடு இருந்தாள். புருஷன் காப்பாற்றினான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. மீதியைக் கேட்கப் பொறுமை இல்லை. டிஸ்க்குகளுக்கெல்லாம் மூலமாகும் கடைசிப் பிரதி, அந்த மாஸ்டர், அன்று மாலை டிஸ்க் அடிக்கப் போவதாக இருந்தது, அதற்குள் அழித்துவிட வேண்டும்.

வழியெல்லாம் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான். இந்தத் தொழிலில் எதுவும் திரும்பி வராமல் போவதில்லை. நெகட்டிவிலிருந்து எடுத்த மூல ஸ்கேனை யாரும் தொடுவது கிடையாது. மேலே ஒட்டியதை உரித்து எடுத்தால் அடியில் பழையபடி இருக்கும். உரித்தால் படத்துக்குப் படத்தின் கறுப்பு திரும்பும், அவளுக்கு அவள் முகம் திரும்பும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இருட்டறைக் கதவைச் சாத்தினான். விசிறிகள் முனகின. காடி வாடை தொண்டையில் இறங்கியது. திரையில் அவள் ஏற்கெனவே திரும்பியிருந்தாள். அவன் இன்னும் ஓட்டவே இல்லை.

கையால் ஒட்டியது, கையால்தான் உரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரேமாக. முதல் பிரேமில் காதோரம் தெரியும் கொஞ்சம் கன்னம். அழித்தான். அடியிலிருந்து கறுப்பு எழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. 

பாதி முகம் தெரியும் பிரேமுக்கு வந்தபோது உதடு அசைந்தது.

ஓடாத படம். நின்ற பிரேம். உதடு அசைந்தது.

அவன் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். அவனுக்கு உதடு படிக்க வரும். அதற்காக எத்தனை நாள் சிரிப்பு வாங்கியிருக்கிறான்.

என்னங்க.

அழித்தான். அடுத்த பிரேம். முகம் இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் வந்திருந்தது. கண் நேராக அவனைப் பார்த்தது. உதடு மெதுவாக, கடைசி பெஞ்சுக்குப் புரியும்படி, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் செய்தது.

நான்தாங்க. இங்கதான் இருக்கேன்.

அழித்தான்.

அழிக்காதீங்க.

இந்த இடத்தில் அவன் நின்றிருக்கலாம். ஆனால் அவன் பேய்ப்படங்களைத் துடைத்துத் துடைத்து ஊறினவன். பேய் கெஞ்சும், தெரிந்தவர் குரலில் கூப்பிடும், தெரிந்தவர் முகத்தில் அழும். அதற்கு இரங்கியவன் அடுத்த ரீலில் இருக்கமாட்டான். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறான். இந்தத் தடவை நான் ஏமாறமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னான். திரையில் இருந்தவள் அதைப் படித்துவிட்டாள். புருவம் சுருங்கியது, குழி விழுந்தது, கன்னம் துடித்தது, தெரிந்த உணர்ச்சியெல்லாம் அந்த முகத்தில் ஒரே நேரத்தில் ஓடியது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புரியாவிட்டால் அவள் எப்படியெல்லாம் முயல்வாளோ அப்படி.

அழித்தான். அழித்தான். அழித்தான்.

கடைசி பிரேமுக்கு வந்தான். வெறுமனே பார்த்தாள்.

அதையும் அழித்தான். விட்ட குறை தொட்ட குறை இருக்கக் கூடாது என்று, வீட்டில் எடுத்த வீடியோவையும் திறந்து பார்க்காமலே அழித்தான். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். எதையும் அழிக்குமுன் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அழி என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அவனுக்கு அன்றைக்கு அரிச்சுவடி மறந்துபோயிற்று.

வெளியே நல்ல வெயில். கண் கூசியது. மாஸ்டரில் பழைய கறுப்பையே விட்டிருப்பதாக முதலாளிக்குச் சொல்லிவிட்டு பஸ் பிடித்தான். நாளைக்கு வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மனைவிக்கு என்ன சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது, எவ்வளவு கோபிப்பாள், கோபித்துவிட்டு எப்படிச் சிரிப்பாள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே போனான். பல நாள் கழித்து அவனுக்குப் பசித்தது.

வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை. சமையலறையில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி, மேடையில் வழிந்து, தரையெல்லாம் ஓடி, அவன் செருப்பை நனைத்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி, அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். இரண்டு கைகளும் மேடை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. மதிய வெயில் அவள் தலைமுடியில், காதில், கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

காடி வாடை.

அவன் அவளைக் கூப்பிட நினைத்தான். ஓரடி எடுத்து வைத்தான். செருப்புச் சத்தம் தண்ணீரில் சளக்கென்றது. காது கேட்டது அவளுக்கு. விறைத்தாள்.

மெல்லத் திரும்பினாள்.

காதோரத்தில் ஆரம்பித்தது. கறுப்பு. அத்தனை வெயிலிலும் வெளிச்சம் படாத கறுப்பு. நெற்றியிலிருந்து மோவாய்வரை. ஒரு முடியைக்கூடத் தாண்டாமல். காயம் இல்லை, ரத்தம் இல்லை, ஊசிக்கோடுகள் மட்டும், ஆயிரம் ஊசிக்கோடுகள், இடம் மாறி மாறி, நிற்காமல், கொதித்துக்கொண்டு.

அவள் மேடையிலிருந்து கைகளை எடுத்தாள். முன்னால் நீட்டிக் காற்றில் தேடினாள். அவன் பின்வாங்கிய சத்தம் கேட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பினாள். பிறகு, பேச வாயில்லாதவள், விரல்களால் பேசத் தொடங்கினாள். புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாக, தெளிவாக, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவனுக்கு அந்தச் சைகை தெரியும்.

விளக்கை ஏன் அணைச்சீங்க?

 குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. புரியவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, அவள் கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.